போயிடுவாரா? ஒரு 22-ஆம் நம்பர் ஜெர்ஸியின் கதை

பின்னாடி மழைச் சத்தம் கேக்கும். நவம்பர் மாசம் சென்னையில உக்காந்து ரெக்கார்ட் பண்ணினா இதுதான் நிலைமை. ஜன்னலைச் சாத்தினா ரூம் புழுங்குது, திறந்தா மழை. மழையே பரவாயில்லைன்னு விட்டுட்டேன்.

போன எபிசோட்ல டாரிக் ஸ்கூபலைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசியிருந்தேன். டெட்ராய்ட் டைகர்ஸோட இடதுகை பிட்சர். 2024, 2025 ரெண்டு வருஷமும் அமெரிக்கன் லீக்ல சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினவர். அதைக் கேட்டுட்டு நிறைய பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருக்கீங்க: "ப்ரோ, 2026 சீசன் முடிஞ்சா அவர் ஃப்ரீ ஏஜென்ட். டெட்ராய்ட்டை விட்டுப் போயிடுவாரா?"

என்கிட்ட ஒரு பதில் இருக்கு. கண்டிப்பா சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு ஜெர்ஸி கதை சொல்லணும். அது இல்லாம என் பதில் வெறும் ஜோசியம் மாதிரி இருக்கும்.

2024 அக்டோபர். நான் அப்போ ஜெர்ஸி சிட்டியில ஆன்சைட். ரூம்மேட் திருச்சிக்காரன். பேரைச் சொன்னா உதைப்பான், அதனால ரூம்மேட்னே வெச்சுக்குவோம். யாங்கீஸ் வெறியன். அக்டோபர் 19, சனிக்கிழமை ராத்திரி, க்ளீவ்லாண்ட்ல மேட்ச். ஸ்கோர் 2-2, பத்தாவது இன்னிங்ஸ், ரெண்டு அவுட் ஆயிடுச்சு, ரெண்டு பேர் பேஸ்ல நிக்கறாங்க. பேட்டிங் ஹுவான் சோட்டோ. அந்த ஆள் பேட் பண்றதைப் பாக்காதவங்களுக்குச் சொல்றேன்: ஒவ்வொரு பந்துக்கும் நடுவுல ஒரு குட்டி ஆட்டம் போடுவார். காலை மண்ணுல தேய்ச்சு, குனிஞ்சு, பிட்சரை முறைச்சு, "அவ்வளவுதானா உன்கிட்ட?"ன்னு கேக்கற மாதிரி. அன்னிக்கும் பந்துக்கு மேல பந்தை ஃபவுல் அடிச்சுத் தள்ளிட்டே இருந்தார். ஏழாவது பந்து. நேரா நடு மைதானத்துக்கு மேல பறந்து போச்சு. மூணு ரன். 2009-க்கு அப்புறம் முதல் தடவையா யாங்கீஸ் வேர்ல்ட் சீரிஸுக்குப் போனாங்க.

கீழ் வீட்டுக்காரங்க கதவைத் தட்டுற அளவுக்குக் கத்தினோம். விடியறதுக்குள்ள ரூம்மேட் ஆன்லைன்ல ஜெர்ஸி ஆர்டர் போட்டுட்டான். வெள்ளையில நீலக்கோடு, முதுகுல 22. நூத்துச் சொச்சம் டாலர். நான் அப்பவே சொன்னேன், "டேய், இந்த ஆளோட கான்ட்ராக்ட் இந்த சீசனோட முடியுதுடா." அவன் சொன்ன பதில் இன்னும் ஞாபகம் இருக்கு. "இப்படி ஒரு சிக்ஸர் அடிச்சிட்டு யாராவது ஊரை விட்டுப் போவாங்களா மச்சி?"

ஐம்பதே நாள். டிசம்பர் 8-ஆம் தேதி ராத்திரி நியூஸ் வந்தது. சோட்டோ போயிட்டார். போனது எங்க? அதே நியூயார்க்ல, சப்வே ஏறினா போயிடக்கூடிய மெட்ஸுக்கு. 15 வருஷம், 765 மில்லியன் டாலர். நம்ம காசுல சுமாரா 6,500 கோடி ரூபாய். விளையாட்டு உலகத்துல அதுவரைக்கும் அப்படி ஒரு கான்ட்ராக்ட் கிடையாது. அதுக்கு முந்தின வருஷம் ஓடானி போட்ட 700 மில்லியன்ல 680 மில்லியன் பின்னாடி வருஷங்கள்ல வர்ற காசு, வருஷா வருஷம் கையில வர்றது 2 மில்லியன்தான். நம்ம ஊர் சிடிசி மாதிரி வெச்சுக்கோங்க. சோட்டோவுக்கு அந்த மாதிரி தள்ளிவைப்பு எதுவும் கிடையாது.

ரூம்மேட் அன்னிக்குச் சாப்பிடல. சும்மா சொல்லல, நிஜமாவே சாப்பிடல. "துரோகி"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் படுத்துட்டான்.

அந்த வார்த்தையைத்தான் நான் இன்னிக்குப் பிரிச்சுப் பாக்கப் போறேன்.

முதல்ல ஃப்ரீ ஏஜென்சின்னா என்ன. நமக்கு ஐபிஎல் ஏலம் தெரியும், அதனால அதை வெச்சே சொல்றேன். அதே 2024 நவம்பர்ல ஜெட்டாவுல நடந்த ஏலத்துல ரிஷப் பந்தை லக்னோ 27 கோடிக்கு எடுத்தாங்க. அங்க பந்த் என்ன பண்ணார்? ஒண்ணும் பண்ணலை. யார் பலகையைக் கடைசியா தூக்கறாங்களோ அவங்க டீம். பேஸ்பால் ஃப்ரீ ஏஜென்சி அப்படியே தலைகீழ். கான்ட்ராக்ட் முடிஞ்ச ஆட்டக்காரர் வீட்டுல உக்காந்திருப்பார். டீம் ஓனர்கள் வந்து பேசுவாங்க. எந்த ஊர், எத்தனை வருஷம், எவ்வளவுன்னு அவர் முடிவு பண்ணுவார். அதிகக் காசு சொன்னவங்களை வேண்டாம்னும் சொல்லலாம்.

கேக்க நல்லா இருக்குல்ல? சிக்கல் என்னன்னா, அந்த நாற்காலியில உக்கார ஆறு வருஷம் ஆகும்.

மேஜர் லீக்ல ஆறு வருஷ சர்வீஸ் முடிச்சாதான் ஒருத்தர் ஃப்ரீ ஏஜென்ட். முதல் மூணு வருஷம் பெரும்பாலும் கிட்டத்தட்ட குறைந்தபட்சச் சம்பளம். 2025 கணக்குல அது 7,60,000 டாலர். ஐயோ பாவம்னு நான் சொல்ல வரல, அது நல்ல காசுதான். ஆனா அந்த மூணு வருஷத்துல நீங்க லீக்லயே பெரிய ஆளா இருந்தாலும், ஏறக்குறைய அந்தச் சம்பளம்தான். அடுத்த மூணு வருஷம் ஆர்பிட்ரேஷன். நீ ஒரு தொகை சொல்லு, டீம் ஒரு தொகை சொல்லும், ஒத்து வரலைன்னா நடுவர் குழு ரெண்டுல ஒண்ணை எடுக்கும். ஆனா டீமை மாத்த முடியாது. டீம் நினைச்சா உன்னை மாத்தலாம். ராத்திரி பத்து மணிக்கு ஒரு போன் வரும்: நாளையில இருந்து நீ வேற ஊர்.

ஒரு "வருஷம்"னா எத்தனை நாள்? 172 நாள். சீசன் அதைவிட ரெண்டு வாரம் நீளம். இங்கதான் ஒரு திருட்டு வேலை. 2015-ல சிகாகோ கப்ஸ்ல கிரிஸ் பிரயன்ட்னு ஒரு பையன். பயிற்சி மேட்ச்ல எல்லாரையும் விட அதிக ஹோம் ரன் அடிச்சான். சீசன் ஆரம்பிக்கும்போது டீம்ல பேர் இல்ல. "ஃபீல்டிங் இன்னும் தேறணும்"னு மைனர் லீக்குக்கு அனுப்பிட்டாங்க. ஏப்ரல் 17-ஆம் தேதி கூப்பிட்டாங்க. ஃபீல்டிங் அதுக்குள்ள தேறிடுச்சு போல. அந்த சீசன்ல அவன் கணக்குல சேர்ந்த நாள் எத்தனைன்னு நினைக்கறீங்க? 171. ஒரே ஒரு நாள் கம்மி. அந்த ஒரு நாளால அவன் ஃப்ரீ ஏஜென்சி ஒரு முழு வருஷம் தள்ளிப் போச்சு. வழக்கு போட்டான், 2020-ல தீர்ப்பு வந்தது, தோத்தான். கடைசியில ஃப்ரீ ஏஜென்ட் ஆக மூணு மாசம் இருக்கும்போது கப்ஸே அவனை சான் பிரான்சிஸ்கோவுக்கு வித்துட்டாங்க. 2016-ல அந்த டீமுக்கு 108 வருஷத்துக்கு அப்புறம் கோப்பை வாங்கிக் குடுத்தவங்கள்ல ஒருத்தன் அவன்.

டெஸ்டிங்ல சொல்வோமே, எல்லைக் கோட்டுல கை வெக்கறதுன்னு. அந்த வேலையை ஒரு மனுஷனோட வாழ்க்கையில பண்ணியிருக்காங்க.

இந்த ஆறு வருஷமே போராடி வாங்கினதுங்கறது பலருக்குத் தெரியாது. 1970-கள் வரைக்கும் ஃப்ரீ ஏஜென்சிங்கற பேச்சே கிடையாது. கான்ட்ராக்ட்ல ரிசர்வ் க்ளாஸ்னு ஒரு பத்தி இருந்தது. கான்ட்ராக்ட் முடிஞ்சு நீ கையெழுத்துப் போடலைன்னா, அதே நிபந்தனைகளோட இன்னொரு வருஷம் நீட்டிக்க டீமுக்கு உரிமை உண்டுன்னு சொல்ற பத்தி. அந்த நீட்டிச்ச கான்ட்ராக்ட்லயும் அதே பத்தி இருக்கும். அதனால அதையும் நீட்டிக்கலாம். அடுத்ததையும். கோடு எழுதறவங்களுக்குப் புரியும், தன்னைத்தானே கூப்பிட்டுக்கிட்டே போற ஃபங்ஷன், நிறுத்தற கண்டிஷனே இல்லாம. ஆயுள் முழுக்க ஓடும்.

1969 அக்டோபர்ல செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் தன்னோட சென்டர் ஃபீல்டர் கர்ட் ஃப்ளட்டை பிலடெல்பியாவுக்குக் கொடுத்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் அந்த ஊருக்காக ஆடியவர். கறுப்பினத்தவர். வருஷம் 90,000 டாலர் சம்பளம், அன்றைக்கு அது பெரிய தொகை. போக மாட்டேன் என்றார். அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், பேஸ்பால் கமிஷனருக்குக் கடிதம் எழுதினார். என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கவும் விற்கவும் நான் ஒரு பண்டம் இல்லை என்பதுதான் அதன் சாரம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 1972-ல 5-3 என்று தோற்றார். ஃப்ளட்டின் ஆட்ட வாழ்க்கை அதோடு முடிந்தது. ஜெயித்தது அவருக்குப் பின்னால் வந்தவர்கள். ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்னாலி என்ற ரெண்டு பிட்சர்கள் கையெழுத்துப் போடாமலேயே 1975 சீசனுக்குள் போனார்கள். அந்த டிசம்பர் 23-ல் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர், ஒரு வருஷம் என்றால் ஒரே ஒரு வருஷம்தான் என்று தீர்ப்பு சொன்னார். ஓனர்கள் உடனே செய்த முதல் காரியம், சைட்ஸை வேலையை விட்டுத் தூக்கியது.

அப்புறம் பேச்சுவார்த்தையில வந்ததுதான் இந்த ஆறு வருஷக் கணக்கு. இதுல ஒரு வேடிக்கை. ஓக்லண்ட் டீம் ஓனர் சார்லி ஃபின்லி மட்டும், "எல்லாரையும் வருஷா வருஷம் ஃப்ரீ ஏஜென்ட் ஆக்கிடுங்க"ன்னு சொன்னார். சங்கத்தலைவர் மார்வின் மில்லருக்கு உள்ளுக்குள்ள உதறல். எல்லாரும் ஒரே நேரத்துல சந்தைக்கு வந்தா தக்காளி சீசன் மாதிரி விலை விழுந்துடும். நல்லவேளையா மத்த ஓனர்களுக்கு அது புரியலை. கொஞ்ச பேர்தான் வெளிய வர்றதாலதான் வர்றவங்களுக்கு இந்த விலை.

சரி, சோட்டோவுக்கு வருவோம். "துரோகி"ங்கற வார்த்தையைக் கையில வெச்சுக்கிட்டு அவர் போன பாதையைப் பாருங்க.

டொமினிகன் குடியரசுல சாண்டோ டொமிங்கோ பையன். 2015-ல, 16 வயசுல வாஷிங்டன் நேஷனல்ஸ் கையெழுத்து வாங்கினாங்க. 19 வயசுல மேஜர் லீக். 2019-ல அவர் 21-ஆவது பிறந்தநாள் வேர்ல்ட் சீரிஸ் நடுவுல வந்தது, அந்த சீரிஸ்ல மூணு ஹோம் ரன், நேஷனல்ஸ் சாம்பியன். 2022-ல அந்த டீம் அவருக்கு 15 வருஷம், 440 மில்லியன்னு ஒரு ஆஃபர் குடுத்தாங்க. வேண்டாம்னார். அந்த விஷயம் ஜூலையில பத்திரிகைக்குக் கசிஞ்சது, அவர் ஆல்-ஸ்டார் மேட்சுக்குக் கிளம்பிட்டிருக்கற நேரத்துல. யார் கசியவிட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. கசிவால யாருக்கு லாபம்னு மட்டும் தெரியும்.

அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான், ஜூன் ஆரம்பத்துல, டீமோட ஜெனரல் மேனேஜர் ரேடியோவுலயே சொல்லியிருந்தார், சோட்டோவை நாங்க விக்க மாட்டோம்னு. ஆகஸ்ட் 2-ஆம் தேதி வித்துட்டாங்க. சான் டியேகோ பாட்ரேஸுக்கு. பதிலுக்கு வாங்கின இளசுகள்ல மூணு பேர் பின்னாடி ஆல்-ஸ்டார் ஆனாங்க, அதனால டீமுக்கு நல்ல வியாபாரம்தான். சோட்டோவுக்கு 23 வயசு. அவரை யாரும் கேக்கலை.

சான் டியேகோவுல ஒன்றரை வருஷம். 2023 நவம்பர்ல அந்த டீம் ஓனர் பீட்டர் சைட்லர் இறந்து போனார். செலவைக் குறைக்கணும்னு முடிவாச்சு. மூணே வாரத்துல சோட்டோவை யாங்கீஸுக்கு அனுப்பிட்டாங்க. அப்பவும் யாரும் அவரைக் கேக்கலை.

யாங்கீஸ்ல ஒரு சீசன். 41 ஹோம் ரன். அவருக்குப் பின்னாடி பேட் பண்ண ஆரன் ஜட்ஜ் 58. ரெண்டு பேரும் சேர்ந்து 99. அப்புறம் அந்த க்ளீவ்லாண்ட் ராத்திரி. வேர்ல்ட் சீரிஸ்ல டாட்ஜர்ஸ்கிட்ட தோத்தாங்க, அது வேற கதை.

அதாவது ரெண்டரை வருஷத்துக்குள்ள மூணு ஊர் பாத்தாச்சு. ரெண்டு தடவை அவரை அனுப்பினாங்க. மூணாவது தடவை, முதல்முறையா, முடிவு அவர் கையில. அந்த ஒரு தடவைக்குத்தான் நாம "போயிட்டார்"னு சொல்றோம். முதல் ரெண்டுக்கும் நம்மகிட்ட வேற வார்த்தை இருக்கு: "ட்ரேட்". வினைச்சொல்லே மாறிடுது பாருங்க.

"காசுக்காகத்தானே போனார்?" கேக்கலாம். யாங்கீஸ் கடைசியா சொன்னது 16 வருஷம், 760 மில்லியன். வித்தியாசம் வெறும் 5 மில்லியன். ஆனா அந்த 5-ஐ மட்டும் பாத்தா கணக்கு தப்பாயிடும். மெட்ஸ் அதே காசை ஒரு வருஷம் முன்னாடியே முடிச்சுக் குடுக்கறாங்க. வருஷத்துக்கு 51 மில்லியன், யாங்கீஸ் கணக்குல 47.5. கையெழுத்துப் போட்ட உடனே 75 மில்லியன். அஞ்சு சீசன் முடிஞ்சதும் அவர் விலகிப் போகலாம். அதைத் தடுக்கணும்னா மெட்ஸ் மிச்சமிருக்கற பத்து வருஷத்துக்கும் வருஷம் 4 மில்லியன் கூட்டணும், மொத்தம் 805 ஆயிடும். அப்புறம் குடும்பம் மேட்ச் பாக்க மைதானத்துல இலவச அறை. யாங்கீஸ் அதுக்கு ஒத்துக்கலை, ஜட்ஜே காசு குடுத்துதான் வாங்கறார்னு சொன்னாங்களாம். 760 மில்லியன் எடுத்து வெச்சவங்க ஒரு ரூமுக்குக் கணக்குப் பாக்கறது எனக்குச் சிரிப்பா இருந்தது. ஆனா ஆபீஸ்ல நாமளும் பாத்திருக்கோம்ல. முப்பது சதவீதம் ஹைக் குடுப்பாங்க, மானிட்டர் கேட்டா மூணு அப்ரூவல்.

இன்னொரு காரணம் வயசு. எனக்கு இதுதான் எல்லாத்தையும் விடப் பெருசு. 19 வயசுல உள்ள வந்ததால சோட்டோவுக்கு ஆறு வருஷக் கணக்கு 26 வயசுலயே தீர்ந்துடுச்சு. பெரும்பாலானவங்க 29, 30-லதான் அந்த வாசலுக்கு வருவாங்க. 26 வயசு ஃப்ரீ ஏஜென்ட்ங்கறது அத்தி பூத்த மாதிரி. அதனால அவர் ஏஜென்ட் ஸ்காட் போராஸ் அவசரமே படலை. 440-ஐ வேண்டாம்னு சொன்னப்ப எல்லாரும் பைத்தியம்னாங்க. ரெண்டரை வருஷத்துல 765. காத்திருக்கறதுல ரிஸ்க் இருந்தது, முழங்கை போயிருந்தா கதை வேற. அந்த ரிஸ்க்கை எடுத்தது அவர் உடம்பு.

இப்போ மறுபக்கம். போகாத ஆளு. ஆரன் ஜட்ஜ்.

2022 சீசன் முதல் மேட்ச் அன்னிக்கு யாங்கீஸ் ஜெனரல் மேனேஜர் பிரையன் கேஷ்மன் மீடியா முன்னாடி வந்து, ஜட்ஜுக்கு நாங்க 7 வருஷம், 213.5 மில்லியன் குடுத்தோம், வேண்டாம்னுட்டார்னு சொன்னார். நம்பரோட. "பாருங்க, நாங்க குடுத்தோம்"னு ஊருக்குச் சொல்றது. ஜட்ஜ் ஒண்ணும் பேசலை. அந்த வருஷம் 62 ஹோம் ரன் அடிச்சார். ரோஜர் மாரிஸ் 1961-ல அடிச்ச 61, அமெரிக்கன் லீக்ல அறுபத்தொரு வருஷம் நின்ன ரெக்கார்ட், போச்சு.

டிசம்பர்ல ஃப்ரீ ஏஜென்ட். அவர் சொந்த ஊர் கலிபோர்னியாவுல லிண்டன், சின்ன வயசுல சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் ரசிகர். ஜயன்ட்ஸ் துரத்தினாங்க. டிசம்பர் 6-ஆம் தேதி ஒரு பிரபல நிருபர் ட்வீட் போட்டார், ஜட்ஜ் ஜயன்ட்ஸுக்குப் போறார் போலன்னு. அவசரத்துல ஆரன்ங்கறதை "ஆர்சன்"னு டைப் பண்ணிட்டார். ஆர்சன்னா தீ வெக்கறது. நிஜமாவே நியூயார்க் பத்திக்கிச்சு. சில நிமிஷத்துல வாபஸ் வாங்கினார், ஆனா அந்த எழுத்துப்பிழை இன்னிக்கும் டி-ஷர்ட்ல வாழுது.

அன்னிக்கு ராத்திரி யாங்கீஸ் ஓனர் ஹால் ஸ்டைன்பிரென்னர் இத்தாலியில இருந்தார். அங்கிருந்து ஜட்ஜுக்குப் போன். இங்க இருக்கணும்னுதான் உனக்கு ஆசையா, அப்போ என்ன வேணும்னு பேசி, எட்டு வருஷத்தை ஒன்பது ஆக்கினார். 9 வருஷம், 360 மில்லியன். ரெண்டு வாரத்துல கேப்டன் பட்டம், டெரெக் ஜீட்டருக்கு அப்புறம் முதல் ஆள்.

இப்போ ஜட்ஜ் "விசுவாசி", சோட்டோ "துரோகி". ஆனா கவனிச்சுப் பாருங்க. ரெண்டு பேரும் பண்ணது ஒரே காரியம். ரெண்டு பேரும் முதல் ஆஃபரை மறுத்தாங்க, ரெண்டு பேரும் சந்தை வரைக்கும் போனாங்க, ரெண்டு பேரும் மத்தவங்ககிட்ட விலை கேட்டாங்க. ஜட்ஜ் ஏப்ரல்ல "விசுவாசமா" கையெழுத்துப் போட்டிருந்தா அவருக்கு 146 மில்லியன் நஷ்டம். அவர் தங்கினதுக்கே காரணம், போகத் தயாரா இருந்ததுதான். வாசல் வரைக்கும் போனவரைக் கூப்பிட இத்தாலியில இருந்து ஒரு போன் வந்தது. சோட்டோவுக்கு வந்த போன்கள்ல நல்ல போன் மெட்ஸ் ஓனர் ஸ்டீவ் கோஹன்கிட்ட இருந்து வந்தது. அதுபோக ஜட்ஜ் 2013-ல இருந்து யாங்கீஸ் வளர்த்த ஆள். சோட்டோ அந்த ஊருக்கு வந்தே ஒரு வருஷம். ஒரு வருஷம் குடியிருந்த வீட்டை மாத்தினா அதுக்குப் பேர் துரோகமா?

நான் இதையெல்லாம் ரூம்மேட்கிட்ட டிசம்பர்லயே சொன்னேன். காதுல வாங்கலை.

ஜனவரியில அவனுக்கு ஒரு மீட்டிங் இன்வைட் வந்தது. பதினஞ்சு நிமிஷம், ஹெச்ஆர் பேர் போட்டு. எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்ல, எல்லாக் கம்பெனியிலயும் அந்த இன்வைட் ஒரே மாதிரிதான் இருக்கும். நாலு வருஷம் வேலை பாத்த இடம். தீபாவளிக்குத்தான் மேனேஜர் "நாமெல்லாம் ஒரு குடும்பம்"னு பேசியிருந்தார். எச்-1பி விசாவுல இருந்தா வேலை போன நாள்ல இருந்து 60 நாள் அவகாசம். அதுக்குள்ள வேற கம்பெனி எடுத்துக்கணும், இல்லைன்னா கிளம்பணும். அவன் கார் லோன் ஓடிட்டிருந்தது. ஊர்ல தங்கச்சிக்கு நிச்சயம் ஆகியிருந்தது. அந்த 60 நாள் எங்க வீட்டுல காலண்டரைப் பாக்காம யாரும் தண்ணி குடிக்கலை. ஐம்பத்தி ஒண்ணாவது நாள் ஒரு ஆஃபர் வந்தது. முந்தின சம்பளத்தைவிடக் கம்மி. பேரம் பேசலை, கையெழுத்துப் போட்டான்.

அந்த ராத்திரி அவனே ஆரம்பிச்சான். "என்னை அனுப்பினதுக்குப் பேர் என்னடா? ரீஸ்ட்ரக்சரிங். நான் போயிருந்தா மட்டும் நோட்டீஸ் பீரியட், எக்ஸிட் இன்டர்வியூ, நன்றி கெட்டவன்." கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "அந்த 22-ஐ விட்டுடலாம்டா, பாவம்"னான்.

மே 16, வெள்ளிக்கிழமை. மெட்ஸ் சட்டையில சோட்டோ யாங்கீ ஸ்டேடியத்துக்குத் திரும்பி வர்ற மேட்ச். டிக்கெட் எடுத்தோம். பாத் ட்ரெயின்ல 33-ஆவது தெரு, அங்கிருந்து டி ட்ரெயின், 161-ஆவது தெரு. ட்ரெயின்லயே திட்டு ஆரம்பிச்சாச்சு. சோட்டோ முதல் தடவை பேட் எடுத்துக்கிட்டு வந்தப்ப மைதானம் மொத்தமும் "பூ..."ன்னு ஒரு சத்தம். நெஞ்சுக்குள்ள அதிருது. ஹெல்மெட்டைக் கழட்டி எல்லாருக்கும் ஒரு வணக்கம் வெச்சார். அவர் ஃபீல்டிங் நின்னப்ப, போன வருஷம் அவர் பேரைப் பாடின ரைட் ஃபீல்ட் கேலரிக்காரங்க அவருக்கு முதுகைக் காட்டி நின்னாங்க.

நான் திரும்பிப் பாத்தேன். நம்ம ஆளு எல்லாரையும் விடச் சத்தமா கத்திட்டிருக்கான்.

"டேய், நீதானேடா பாவம்னே?"

"புரியறது வேற மச்சி, கத்தறது வேற. காசு குடுத்து வந்திருக்கேன்ல."

எனக்கு அது நியாயமாத்தான் பட்டது. ரசிகன் குடுக்கறதும் ஏதோ ஒண்ணுதான், அதை யாரும் கான்ட்ராக்ட்ல எழுதறதில்ல. அவனுக்கு ஃப்ரீ ஏஜென்சியும் கிடையாது. டீம் மோசமா ஆடினா வேற டீமுக்குப் போக அவனால முடியாது. கத்தறது மட்டும்தான் முடியும்.

2025 எப்படி முடிஞ்சதுன்னா, சோட்டோ 43 ஹோம் ரன், 38 ஸ்டோலன் பேஸ். ஆனா மெட்ஸ் கடைசி நாள் மயாமியில தோத்து பிளேஆஃபுக்கே போகலை. யாங்கீஸ் சோட்டோவுக்கு வெச்சிருந்த காசுல மேக்ஸ் ஃப்ரீடை எடுத்து, பெல்லிஞ்சரை எடுத்து, 94 மேட்ச் ஜெயிச்சு, பிளேஆஃப்ல டொரன்டோகிட்ட தோத்தாங்க. யாரு சரி, யாரு தப்புன்னு இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இன்னும் 14 வருஷம் இருக்கு.

சரி, ஸ்கூபல். வாக்குக் குடுத்தேன்ல.

அவருக்கு டெட்ராய்ட் பிடிக்குமா பிடிக்காதான்னு நான் பாக்கமாட்டேன். பிடிக்கும்னுதான் நினைக்கறேன். 2018 டிராஃப்ட்ல ஒன்பதாவது சுற்றுல, காலேஜ்ல முழங்கை ஆபரேஷன் பண்ணிக்கிட்ட பையனை எடுத்தவங்க அவங்க. நான் பாக்கறது மூணு விஷயம். ஒண்ணு, 2024-ல லீக்லயே பெஸ்ட் பிட்சரா இருந்தப்ப அவர் சம்பளம் 2.65 மில்லியன். இவ்வளவு கம்மியா வாங்கினவருக்கு, சந்தைக்கு ஒரே ஒரு வருஷம் இருக்கும்போது தள்ளுபடி குடுக்கக் காரணமே இல்ல. ரெண்டு, 2026 நவம்பர்ல அவருக்கு 30 வயசு. கை ரெண்டு தடவை ஆபரேஷன் பாத்த கை. பெரிய கான்ட்ராக்ட் போட அவருக்குக் கிடைக்கப் போறது இந்த ஒரே வாய்ப்பு. மூணு, ஏஜென்ட் மறுபடியும் போராஸ்.

டெட்ராய்ட் இந்தப் படத்தை ஏற்கனவே பாத்திருக்கு. 2014 மார்ச்ல மேக்ஸ் ஷெர்ஸர் இதே டைகர்ஸ்கிட்ட 144 மில்லியனை வேண்டாம்னார். ஏஜென்ட் போராஸ். பத்து மாசம் கழிச்சு வாஷிங்டன்ல 210 மில்லியனுக்குக் கையெழுத்து. 2019-ல அங்க கோப்பையும் வாங்கினார், அவர் கூட ஆடின 20 வயசுப் பையன்தான் சோட்டோ. டெட்ராய்ட் கடைசியா கோப்பை வாங்கினது 1984.

அதனால என் பதில்: போயிடுவார். அதைவிட எனக்கு இருக்கற சந்தேகம், அவர் போறதுக்கு முன்னாடியே டைகர்ஸ் அவரை அனுப்பிடுவாங்களோன்னு. சும்மா விடறதுக்குப் பதிலா நாலு இளசுகளை வாங்கிக்கலாம்ல, வாஷிங்டன் பண்ண மாதிரி. அப்படி நடந்தா ஹெட்லைன்ல "ட்ரேட்"னு வரும். நடக்கலைன்னா, ஒரு வருஷம் கழிச்சு "போயிட்டார்"னு வரும். ஒரே ஒரு இத்தாலி போன் கால்ல நான் சொன்னது தப்பாகலாம். தப்பானா சந்தோஷம்தான், டெட்ராய்ட்காரங்க பாவம். இந்த அக்டோபர்ல சியாட்டில்ல பதினஞ்சு இன்னிங்ஸ் ஆடித் தோத்தாங்களே, அதுல ஸ்கூபல் ஆறு இன்னிங்ஸ்ல 13 பேரை ஸ்ட்ரைக் அவுட் பண்ணார். அதுக்கு மேல ஒரு மனுஷன் என்ன பண்ண முடியும்.

ஜெர்ஸி என்ன ஆச்சுன்னு சொல்லாம விட்டா திட்டுவீங்க. யாங்கீஸ் ஜெர்ஸியில ஒரு வசதி இருக்கு. முதுகுல பேர் போட மாட்டாங்க, நம்பர் மட்டும்தான். மெட்ஸ்ல 22-ஆம் நம்பரை விட்டுக் குடுத்த பிரெட் பேட்டிங்கற பையனுக்கு சோட்டோ ஒரு காரே வாங்கிக் குடுத்தார். இங்க யாங்கீஸ்ல காலியான 22-ஐ 2025-ல இன்னொரு இளம் ஆட்டக்காரர் எடுத்துக்கிட்டார். பேர் பென் ரைஸ்.

போன வாரம் ரூம்மேட் வீடியோ கால்ல வந்தான். அதே ஜெர்ஸி. "என்னடா, இன்னும் தூக்கிப் போடலையா?"ன்னேன். முதுகைத் திருப்பிக் காட்டினான்.

"சோட்டோ போனா என்ன மச்சி, சோறு இருக்குல்ல."